ராகி அடிக்கப் பழைய திரஷரா, வாடகைக் கம்பைனா, புதுசா?

மாட்டுக்கொட்டகை ஓரமாகப் பல வருடம் நின்றுபோன, கதிரடிக்கும் மிஷினான திரஷரைக் காயலான் கடைக்குப் போடுவதா, பேரிங்கை மாற்றி ஓட்டிப் பார்ப்பதா? இந்தக் கேள்வி பெரும்பாலும் கார்த்திகையில்தான் எழும். அப்போது யோசிக்க அவகாசம் இருக்காது. ஆடி, ஆவணியில் மானாவாரியாக விதைத்த ராகி பழுத்து நிற்கும். மழை இன்னும் முழுசாக விட்டிருக்காது. லேத் பட்டறையில் நமக்கு முன்னால் நாலு பேருடைய சாமான் கிடக்கும். புரட்டாசியிலேயே முடிவெடுத்தால் பாதிச் செலவில் முடியும் வேலை இது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சிறு விவசாயிக்கு இன்று ஐந்து வழிகள் இருக்கின்றன. பழைய திரஷரைச் சரிசெய்வது, வயலிலேயே அறுத்து அடிக்கும் கம்பைனை வாடகைக்கு அழைப்பது, டிராக்டரோடு வரும் திரஷரை மணிக்கணக்கில் பேசுவது, மானியத்தில் புதிய திரஷர் வாங்குவது, களத்திலோ ரோட்டிலோ பரப்பி டிராக்டரை விட்டு மிதிப்பது. மிஷினின் விலையை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம். நிலம் எங்கே இருக்கிறது, தாள் நமக்கு வேண்டுமா, அடித்த தானியம் எங்கே போகப்போகிறது என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

கம்பைன்: நெல்லுக்குச் சரி, ராகிக்கு யோசிக்கணும்

கேஆர்பி அணை ஆயக்கட்டில், காவேரிப்பட்டணம் பக்கம் நெல் போட்டவருக்குப் பெரிய குழப்பம் இல்லை. ஈர வயலானால் பெல்ட் வண்டி, காய்ந்த வயலானால் டயர் வண்டி. அறுப்பு, அடிப்பு, தூற்றல் மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன. அங்கே பழைய திரஷரை உயிர்ப்பிக்கச் செலவழிப்பது வீண். வைக்கோல் கட்டாயம் வேண்டும் என்பவர் மட்டும் கட்டு கட்டும் மிஷின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

ராகி அப்படியில்லை. ஒரே குத்தில் தாய்த்தூரின் கதிர் முற்றியிருக்கும்போது பக்கவாட்டில் கிளைத்த தூரின் கதிர் பச்சையாக இருக்கும். கம்பைன் இரண்டையும் சேர்த்து அறுத்து உள்ளே இழுக்கும். பச்சைக் கதிரின் ஈரம் முற்றிய மணியில் ஏறும், பச்சை விரல்கள் உதிராமல் துண்டாக வந்து மூட்டையில் விழும். கதிரின் உயரமும் ஒரே மட்டமாக இருக்காது. எல்லாக் கதிரையும் பிடிக்க வெட்டும் பட்டையைத் தாழ்த்தினால் தாள் முழுக்க உள்ளே போய் மிஷின் திணறும், உயர்த்தினால் குட்டைக் கதிர் வயலிலேயே நின்றுவிடும். மழையில் சாய்ந்த ராகியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல், முந்தின வயலின் தானியம். நேற்று நெல் அறுத்த வண்டி இன்று உங்கள் ராகிக்குள் இறங்கினால், தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடியிலும் தொட்டி மூலையிலும் தங்கிய நெல் உங்கள் மூட்டைக்கு வரும். அரசு கொள்முதலின் தர அளவில் ராகிக்கு ஈரம் 12 சதவீதம், மண், கல், தூசி 1 சதவீதம், வேறு தானியக் கலப்பு 1 சதவீதம்தான் உச்சம். 2025-26 பருவத்துக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். நெல் கலந்த ஒரே காரணத்துக்காக அந்த விலையை விட்டுவிட்டு வியாபாரியிடம் போவது பெரிய நஷ்டம். கம்பைன்தான் என்று முடிவு செய்தால், வயலில் இறங்கும் முன் எலிவேட்டர் அடிமூடிகளைத் திறந்து, ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, தொட்டியைக் கூட்டச் சொல்லுங்கள். டிரைவர் முணுமுணுப்பார். அப்படியும் முதல் மூட்டையைத் தனியாக வைத்துவிடுங்கள். பையூர் 2, கோ 15 மாதிரியான ராகி ரகத்தை விதைக்கென்று வளர்த்தவர் கம்பைன் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

அடுத்தது தாள். கலப்பின மாடு இரண்டு வைத்திருக்கும் வீட்டில், மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ காய்ந்த தாள் என்று குறைத்துப் போட்டாலும் வருடத்துக்கு 3,650 கிலோ வேண்டும். ராகித்தாள் போரில் கெடாமல் நிற்கும், மாடும் விரும்பித் தின்னும். கம்பைன் ஓடிய வயலில் தாள் நசுங்கிச் சிதறி மண்ணோடு கிடக்கும், அடிக்கட்டையும் ஒரு சாண் நிற்கும். வாரிச் சேர்க்க ஆள் கூலி தனி. பால் வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பம் கம்பைன் வாடகையோடு தாளின் விலையையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும்.

கடைசியாக வழி. அஞ்செட்டி, தளி, பென்னாகரம் மேட்டுப் பகுதி, சித்தேரி மலை என்று வரப்பும் கல்கட்டுமாக இருக்கும் துண்டு நிலங்களுக்குக் கம்பைன் ஏற்றிய லாரி போய்ச் சேர்வதே பாடு. அரை ஏக்கர் துண்டில் வண்டி திரும்புவதற்கே நேரம் போகும், மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ரோட்டில் போடுவது

காசில்லாத வழி போலத் தெரியும். மண், சிறுகல், டயர் தூசி எல்லாம் சேர்ந்து அந்த 1 சதவீத வரம்பைத் தாண்டிவிடும், வீட்டுக்கு வைத்தாலும் களி நறநறக்கும். இரு சக்கர வண்டிக்காரர்கள் சறுக்கி விழுவது வேறு. சாணி மெழுகிய களமோ சிமெண்ட் களமோ இருந்து, அரை ஏக்கருக்குள் என்றால் டிராக்டர் மிதியே போதும், மிஷின் யோசனையே வேண்டாம். சாமைக்கும் இதே பேச்சுதான்.

பழைய திரஷர்: எதைப் பார்த்து "சரி" என்பது

பழைய மிஷினில் பேரிங், பெல்ட், சல்லடை, போல்ட் எல்லாம் தேயத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் கடைகளில் இவை கிடைத்துவிடும். மிஷினைச் சரிசெய்யலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது இரண்டே பாகங்கள்: கதிரை அடிக்கும் உருளையான டிரம்மின் ஷாஃப்ட், அடிச்சட்டம். இவை கெட்டுப்போயிருந்தால் மற்றதை மாற்றியும் பயனில்லை.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு கம்பியைச் சட்டத்தில் கட்டி, அதன் முனை ஷாஃப்டை லேசாகத் தொடும்படி வையுங்கள். டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முனைக்கும் ஷாஃப்டுக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் புது பேரிங்கும் ஒரு பருவம் தாங்காது. பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் வெல்டிங் போட்டு லேத்தில் கடைந்து எடுக்கலாம். வளைவும் பள்ளமும் சேர்ந்திருந்தால் புது ஷாஃப்ட்தான். சட்டத்தில் பார்க்க வேண்டிய இடம் பேரிங் வீடு (பேரிங்கைத் தாங்கும் கூடு) உட்காரும் ஆங்கிள். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கணும். மொத்தென்று கேட்டால் துருவோ வெடிப்போ உள்ளே இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள், புதுப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு வரும் பழைய மிஷினில் இன்னும் அழுத்திச் சுரண்டுங்கள்.

பேரிங் எண்ணைப் பழையதன் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். 206 என்றால் உள்விட்டம் 30 மி.மீ., 207 என்றால் 35, 208 என்றால் 40. வாங்கும்போது எண்ணோடு ஷாஃப்டின் அளவையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு போங்கள். இதற்கு முன் யாரோ ஷாஃப்டைக் கடைந்து எண்ணை மாற்றியிருப்பது சகஜம். பூட்டியபின் பேரிங்கை ஷாஃப்டோடு பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ இரண்டையும் இறுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்த கிரப் ஸ்க்ரூதான் ஷாஃப்டில் பள்ளம் விழவே முதல் காரணம். கிரீஸ் அதிகமாக அடித்தாலும் சீல் பிதுங்கும். பதினைந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு பேரிங் வீட்டின் மேல் நாலைந்து விநாடி கையை வைக்க முடியவில்லை என்றால் எங்கோ தப்பு.

டிரம்மில் பல் தேய்ந்தால் எதிரெதிராக ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இரண்டையும் தராசில் வைத்து எடை சமமாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் டிரம் ஒரு பக்கம் கனத்து, மிஷின் முழுக்க உதறும். பல்லுக்கு 8.8 என்று தலையில் பொறித்த போல்ட், ஸ்பிரிங் வாஷரோடு. கழன்ற பல் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும், இதில் மலிவு பார்க்கக் கூடாது.

டிரம்மில் வெல்டிங் வைக்கும்போது பட்டறைக்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. எர்த் கிளிப்பைச் சட்டத்தில் மாட்டிவிட்டு டிரம்மில் ராடு வைப்பார்கள். மின்சாரம் பேரிங் வழியாகப் போய்த்தான் எர்த்துக்கு வர வேண்டும். அப்போது குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் பொறி பறந்து நுண்ணிய பள்ளம் விழும், புது பேரிங் பத்து நாளில் கரகரக்கும். கிளிப்பை டிரம் மேலேயே, வெல்டிங் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்ததும் டிரம்மைக் கழற்றி, மட்டம் பார்த்த இரண்டு ஆங்கிள் மேல் ஷாஃப்டை வைத்து உருளவிடுங்கள். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கம் சிறு தகடு சேர்த்து, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை சரிபார்க்க வேண்டும்.

தகடு ஓட்டையை நெல் அடித்தவர் கண்டுகொள்ள மாட்டார். ராகி மணி ஒன்றரை மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், நெல் நிற்கும் இடுக்கில் ராகி ஒழுகிப்போகும். இருட்டியபின் மிஷினுக்குள் டார்ச்சை எரியவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ராகி ஒழுகும் இடம். பெரிய ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங், இடுக்குக்கு எம்-சீல் அல்லது சிலிக்கான் பசை போதும்.

வேகம்: பழைய மிஷினைக் குறை சொல்ல வைக்கும் இடம்

"இந்த மிஷின் ராகிக்கு ஆகாது" என்று ஒதுக்கப்பட்ட திரஷர்களில் பலவும் நெல் வேகத்தில் ஓடியவை. கணக்கு எளிது. டிராக்டரின் பின்னாலிருந்து மிஷினை ஓட்டும் பிடிஓ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று. ஓட்டும் புல்லி 12 அங்குலம், டிரம் புல்லி 9 அங்குலம் என்றால் டிரம் 540 × 12 ÷ 9 = 720 சுற்று. பல் நுனியோடு டிரம்மின் விட்டம் 45 செ.மீ. என்றால் நுனி வேகம் விநாடிக்கு 17 மீட்டர். நெல்லுக்கு இது தகும். காய்ந்த ராகிக்கு 10 முதல் 12 மீட்டரில் ஆரம்பிப்பது நல்லது. அதற்கு மேல் போனால் மணி உடையும், தாள் தூளாகிச் சல்லடையை அடைக்கும்.

இங்கேதான் பலரும் ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து வேகத்தைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். டிரம் வேகம் குறையும்தான். கூடவே அதே பிடிஓவில் ஓடும் புளோயரும் (பதரை ஊதும் விசிறி) சல்லடையும் தளரும். உடைசல் நின்றது, ஆனால் மூட்டையில் பாதி தூசி என்று வந்து நிற்கும். எஞ்சினை 540க்கே வைத்துவிட்டு டிரம்முக்குப் போகும் புல்லியை மட்டும் மாற்ற வேண்டும். மேலே சொன்ன மிஷினில் 12 அங்குல ஓட்டும் புல்லிக்குப் பதில் 8 அங்குலம் போட்டால் 480 சுற்று, நுனி வேகம் 11.3 மீட்டர். பெல்ட்டும் சின்னதாக வேண்டும். புல்லியின் விட்டம் 4 அங்குலம் குறைந்தால் பெல்ட் நீளம் அதில் ஒன்றரை மடங்கு, சுமார் 6 அங்குலம் குறையும். பி-84 ஓடிய இடத்தில் பி-78 கேளுங்கள். பெல்ட்டில் எழுதியிருக்கும் அந்த எண்தான் அங்குலக் கணக்கில் உள்சுற்று நீளம்.

மோட்டாரில் ஓடும் சின்ன திரஷரில் 1,440 சுற்று மோட்டாருக்கு 4 அங்குலப் புல்லியும் டிரம்முக்கு 12 அங்குலமும் போட்டால் அதே 480 வரும். டிரம் சின்னதாக இருந்தால் நுனி வேகமும் குறையும் என்பதால் விட்டத்தை அளந்தே கணக்குப் போடுங்கள். மூன்று பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியனை வைத்து ஏதாவது இரண்டு பேஸை மாற்றிப் பூட்டினால் போதும்.

பெல்ட் இரண்டு மூன்று சேர்ந்து ஓடும் இடத்தில் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதுசு குட்டையாக இருக்கும், பாரம் முழுவதும் அதன் தலையில் விழுந்து அதுவும் அறுந்துபோகும். இழுவை, புல்லிக்குப் புல்லி ஒரு மீட்டர் இடைவெளி என்றால் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை செ.மீ. அமுங்கும் அளவுக்கு. பெல்ட்டின் முதுகு புல்லி விளிம்புக்குச் சமமாக நிற்கணும். உள்ளே இறங்கி, காடியின் அடி பளபளத்தால் புல்லியே தேய்ந்துவிட்டது.

டிரம்முக்கும் அதன் அடியில் வளைந்திருக்கும் கான்கேவ் கம்பிக்கும் இடைவெளியை 15 மி.மீ.யில் தொடங்கி, கதிர் விரல்கள் உதிராமல் வந்தால் இரண்டிரண்டு மில்லிமீட்டராகக் குறையுங்கள். இடைவெளி, வேகம், ஊட்டும் அளவு மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது கெடுத்தது, எது கொடுத்தது என்று தெரியாமல் போகும். மேல் சல்லடைக்கு 3 முதல் 4 மி.மீ. வட்டத்துளை, அடியில் மண் இறங்க 1 மி.மீ. நெல்லின் பெரிய துளைச் சல்லடையிலேயே ராகியை விட்டால் கதிர்த் துண்டெல்லாம் தானியத்தோடு இறங்கும். ராகி மணி லேசானது என்பதால் புளோயரின் காற்று வாயைப் பாதி மூடித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஷட்டர் இல்லாத மிஷினுக்குத் தகடு ஒன்றைப் போல்ட் போட்டு நகர்த்தும்படி வைத்துக்கொள்ளலாம்.

சேதாரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆயிரம் ராகி மணி இரண்டரை முதல் மூன்று கிராம்தான். மணிக்கு 3 குவிண்டால் அடிக்கும் மிஷினில் நிமிடத்துக்கு 5 கிலோ, அதில் 1 சதவீதம் 50 கிராம், எண்ணினால் பதினாறாயிரத்துக்கும் மேலான மணிகள். பதர் விழும் இடத்தில் தார்ப்பாய் விரித்து ஒரு நிமிடம் பிடித்து, முறத்தில் புடைத்து எடை போடுங்கள். இருநூறு மணி சிதறிக் கிடப்பதைப் பார்த்துக் காற்றைக் குறைப்பவர் அரை கிராமைக் காப்பாற்றிவிட்டு மூட்டையில் தூசியைச் சேர்க்கிறார்.

மிஷினுக்குச் செய்வது இவ்வளவு. கதிருக்குச் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தாளோடு ஊட்டாமல் கதிரை மட்டும் கொய்து, இரண்டு மூன்று நாள் குவித்து, பிறகு நன்றாகக் காயவிட்டு அடித்தால் மிஷினுக்குப் பாதி பாரம், தாளும் முழுசாகப் போருக்குப் போகும். மார்கழிப் பனியில் காலை ஏழு மணிக்கு அடிக்க உட்கார்ந்தால் கதிர் நார்போல் சுற்றும், வெயில் ஏறிப் பத்து, பதினொன்றுக்கு மேல் தொடங்குவதே சரி.

கைக்கும் துணிக்கும்

பழைய திரஷரில் ஊட்டும் வாயின் மூடியைக் கழற்றி எறிந்திருப்பார்கள், வேகமாக ஊட்டலாம் என்று. இந்தியத் தர நிர்ணயப்படி ஊட்டும் தொட்டி குறைந்தது 90 செ.மீ. நீளம், அதில் 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும். டிரம்முக்குக் கை எட்டாத தூரம் அது. திரஷர்களை 1983ஆம் ஆண்டின் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததே கை போன விபத்துகள் பெருகியதால்தான். மூடியில்லாத மிஷினுக்கு முதல் செலவு அதுதான், பேரிங் பிறகு. பிடிஓ ஷாஃப்டுக்குப் பிளாஸ்டிக் உறை இல்லாமல் ஓட்டக் கூடாது, துண்டும் முந்தானையும் வேட்டி நுனியும் அதில்தான் சுற்றும். அந்த ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பூட்ட வேண்டும், மாறிப் பூட்டினால் கிராஸ் பேரிங் சீக்கிரம் போகும். பாரம் கூடினால் அறுவதற்கென்றே வைத்த போல்ட் அறுந்துபோனால் அதே தரத்தில்தான் மாற்றணும். "கெட்டி போல்ட்" போட்டால் அடுத்த தடவை அறுவது கியர் பல்.

காசுக் கணக்கு

கீழே உள்ள எண்கள் முறையைக் காட்டத்தான், உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். டிராக்டரோடு வரும் திரஷர் மணிக்கு 1,200 என்றும், நம் திரஷருக்கு டிராக்டரை மட்டும் எடுத்தால் 700 என்றும் வைப்போம். மணிக்கு மிச்சம் 500. பழைய மிஷினுக்கு 20,000 செலவழித்து அது 4 வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 5,000, பராமரிப்பு 3,000, மொத்தம் 8,000. அதைத் திருப்பி எடுக்க 16 மணி நேரம் ஓட வேண்டும். மணிக்கு 3 குவிண்டால் என்றால் 48 குவிண்டால், ஏக்கருக்கு 10 குவிண்டால் கணக்கில் கிட்டத்தட்ட 5 ஏக்கர். பேரிங், பெல்ட் மட்டும் மாற்றி 8,000த்தில் முடிந்தால் வருடச் செலவு 5,000, போதுமானது 10 மணி நேரம், 3 ஏக்கர்.

புதிய திரஷர் மானியம் போக ஒரு லட்சம், 10 வருட ஆயுள், வட்டி 8,000, பராமரிப்பு 3,000 என்றால் வருடத்துக்கு 21,000. அதற்கு 42 மணி நேரம், 12 ஏக்கருக்கு மேல். தனி ஒரு சிறு விவசாயிக்கு எட்டாத கணக்கு, நாலைந்து பங்காளிகள் சேர்ந்தால் எட்டும். வேளாண்மை இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் மானியம், உச்சவரம்புக்கு உட்பட்டு. வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகவோ உழவன் செயலியிலோ விண்ணப்பிக்கலாம். மாடலைத் தேர்வு செய்யும் முன் ராகிச் சல்லடையும் குறைந்த வேகப் புல்லியும் மிஷினோடு வருகிறதா என்று கேளுங்கள். "மல்டிகிராப்" என்று பெயர் எழுதியிருப்பதால் மட்டும் ராகி அடித்துவிடாது.

இரண்டு ஏக்கருக்குள் ராகி, ஊரில் வாடகைத் திரஷர் கூப்பிட்ட இரண்டு நாளில் வருகிறது என்றால், பழையதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதீர்கள். அதே இரண்டு ஏக்கர், ஆனால் மிஷின் வர ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய ஊர் என்றால் கணக்கு மாறும். குவித்த கதிரில் ஒரு மழை விழுந்தால் முளை கட்டும், பூஞ்சை பிடித்துக் கறுக்கும், அப்போது நஷ்டம் வாடகை வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு. அங்கே மூன்று நாலு வீடு சேர்ந்து பழையதைச் சரிசெய்வதுதான் ஒழுங்கான வழி. செலவு, புதிய மிஷினுக்கு நம் கையிலிருந்து போகும் தொகையில் கால் பங்கைத் தாண்டினால் நிறுத்திவிடணும். ஷாஃப்டும் வளைந்து, சட்டமும் வெடித்த மிஷினுக்கு அந்தக் கால் பங்கைக்கூடச் செலவழிக்கக் கூடாது. அதை எடைக்குப் போட்டுவிட்டு, நல்ல புல்லி, புளோயர் மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

சரிசெய்தபின் முதல் நாளே முழுக் குவியலையும் ஊட்டாதீர்கள். அரை மணி நேரம் வெறும் ஓட்டம், நிறுத்தி எல்லா போல்ட்டும் ஒரு சுற்று இறுக்கல், பேரிங் சூடு பார்த்தல், பிறகு இரண்டு மூட்டைக் கதிர் மட்டும். அந்த இரண்டு மூட்டையில் உடைசல், உதிராத விரல், பதரோடு போகும் மணி மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்துவிட்டு மீதிக் கதிரைக் களத்துக்கு இறக்கினால் போதும். அடித்த ராகியில் ஒரு பிடியும், நன்றாக வறுத்து ஆறவைத்த பொடி உப்பு கொஞ்சமும் காய்ந்த பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். உப்பு சுவரில் ஒட்டினால் கட்டாயம் ஈரம் இருக்கிறது. ஒட்டாவிட்டாலும் 12 சதவீதத்துக்கு அது உத்தரவாதம் இல்லை, கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றும் முன் இன்னும் ஒரு வெயில் காட்டிவிடுங்கள்.